பரணில் கிடக்கும் குழாய் ஒலிபெருக்கி: ஆம்ப்ளிபயர் வாங்குமுன் ஒரு கணக்கு

கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எதுவானாலும் ஒரு காலத்தில் முதலில் வந்து இறங்கியது மைக் செட்டுதான். டூரிங் டாக்கீசில் படம் தொடங்கப் போவதை ஊருக்குச் சொன்னதும் கூரைமேல் கட்டிய குழாய் ஒலிபெருக்கிதான். கடை வியாபாரத்தோடு மைக் செட் வாடகையும் நடத்திய வியாபாரிகள் நம் பகுதியிலும் உண்டு. மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக் கடைகளின் பரண்களில் இன்றும் இரண்டு குழாய்களும், அட்டைப் பெட்டியில் ஒரு பழைய வால்வு ஆம்ப்ளிபயரும் கிடக்கக் காணலாம். எடைக்குப் போடுவதா, பழுது பார்ப்பதா, புதிதாக ஆம்ப்ளிபயர் வாங்கி இணைப்பதா என்ற கேள்விக்கு வியாபாரி வழக்கப்படி கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குழாய் வந்த கதை

அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய ஜென்சன், பிரிதாம் என்ற இருவர் 1915-ல் குழாய் ஒலிபெருக்கியைப் பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டினர். 1919-ல் சான் டியாகோ நகரில் அதிபர் வில்சன் பேசியதை இதன் மூலம் சுமார் 50,000 பேர் கேட்டனர்.

நம் நாட்டில் இதைப் பரப்பியவர்கள் வியாபாரிகளே. சிந்து மாகாணத்திலிருந்து பம்பாய்க்கு வந்து தொழில் நடத்திய மோட்வானே குடும்பத்தின் 'ஷிகாகோ ரேடியோ' காங்கிரஸ் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. காந்தியடிகள், நேரு ஆகியோர் பேசும் பழைய புகைப்படங்களில் மைக்கின்மேல் அந்தப் பெயரைக் காணலாம். 1942-ல் உஷா மேத்தாவும் நண்பர்களும் ரகசியமாக நடத்திய காங்கிரஸ் வானொலி வழக்கில் நானக் மோட்வானேயும் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர். 1940-ல் டெல்லியில் தொடங்கிய அகுஜா நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலே பிற்காலத்தில் மைக் செட் என்று பொருளாயிற்று.

சிறிய வாட், பெரிய சத்தம்

குழாய் என்பது வெறும் தகரக் கூம்பு அல்ல. பின்னால் உள்ள 'யூனிட்'டுக்குள் மெல்லிய டயாபிரம் அதிர்கிறது. அந்த அதிர்வு குறுகலான வாயில் நுழைந்து, படிப்படியாக அகன்று வெளிக்காற்றோடு சேர்கிறது. இதனால் மின்சக்தியில் கூடுதல் பங்கு ஒலியாகிறது. சாதாரணப் பெட்டி ஒலிபெருக்கி 100 பங்கு மின்சக்தியில் 1 அல்லது 2 பங்கையே ஒலியாக்கும். நல்ல குழாய் 10 பங்குக்கு மேலும் ஒலியாக்கும்.

இதை டெசிபல் கணக்கில் பார்க்கலாம். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் நல்ல குழாய் ஏறத்தாழ 105 டெசிபல் தரும். சாதாரணப் பெட்டி 92 டெசிபல் அளவில் நிற்கும். வித்தியாசம் 13 டெசிபல். பெட்டியில் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட 20 மடங்கு வாட் வேண்டும். வாட்டை இரட்டித்தால் 3 டெசிபல் மட்டுமே கூடும். தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும். இந்த இரண்டு வாய்ப்பாடும் தெரிந்தால் எந்தக் கடைக்காரரும் நம்மை ஏமாற்ற முடியாது.

மேல்நாட்டிலும் ஜப்பானிலும் பழைய சினிமா கொட்டகைக் குழாய்களைத் தேடி வாங்கி, நான்கைந்து வாட் மட்டுமே தரும் வால்வு ஆம்ப்ளிபயரோடு இணைத்துக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாட் குறைந்தால் தரம் குறையும் என்பது தவறு.

சட்டம் சொல்வது என்ன?

செலவு செய்யுமுன் அறிய வேண்டியது இதுதான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி எழுத்து மூலம் அனுமதி பெறாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி. வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல், இரவில் 55 டெசிபல் அளவு. குடியிருப்புப் பகுதிக்கு 55-ம் 45-ம். பொது இடத்தின் எல்லையில் ஒலிபெருக்கிச் சத்தம் இந்த அளவைவிட 10 டெசிபலுக்கு மேலோ, 75 டெசிபலுக்கு மேலோ போகக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுவே வரம்பு. 2005-ல் உச்ச நீதிமன்றம் இவற்றை உறுதி செய்தது.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் உண்டு. விநாயகர் சதுர்த்தி போன்ற விழாக்களுக்குக் காவல்துறை விதிக்கும் நிபந்தனைகளில், கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது, பெட்டி வடிவம் மட்டுமே என்பது இடம்பெறுகிறது. ஆகவே, வாடகைக்கு விடும் எண்ணத்தில் பழைய குழாய்களுக்குப் பெருந்தொகை செலவழிப்பது நஷ்டக் கணக்கு. பறிமுதலானால் முதலும் போகும்.

இப்போது கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். 105 டெசிபல் குழாய்க்கு 1 வாட் கொடுத்தால் 10 மீட்டர் தூரத்தில் 85 டெசிபல் வரும். அதாவது 1 வாட்டிலேயே வரம்பு 10 டெசிபல் தாண்டிவிடுகிறது. வரம்பில் நிற்க 1 வாட்டில் பத்தில் ஒரு பங்கே போதும்! துறைமுகத்துக்கும் வெளிவட்டச் சாலைக்கும் போகும் லாரிகளின் இரைச்சலில் நாம் சத்தத்தை ஏற்றத்தான் நினைப்போம். ஆனால் கல்லாவில் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் பையனின் காதும், எதிர்க்கடைக்காரரின் பொறுமையும் அதற்கு விலையாகும்.

ஆம்ப்ளிபயர் பொருத்தம்

'500 வாட்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்கக் கூடாது. பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் அது கோணி, கயிறு, தூசி எல்லாம் சேர்த்த எடை. ஆர்.எம்.எஸ். வாட்டே நிகர எடை. அதையே கேட்டு வாங்கவும்.

அடுத்தது ஓம் கணக்கு. பழைய யூனிட்டுகள் பெரும்பாலும் 16 ஓம். 4 ஓமுக்கு 100 வாட் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபயர் 16 ஓம் குழாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 25 வாட்டே தரும். இதனால் ஆம்ப்ளிபயருக்குக் கெடுதல் இல்லை. ஆனால் ஆறு குழாய்களை ஒரே இணைப்பில் பக்கவாட்டில் சேர்த்தால் மொத்தம் 2.7 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிபயர் சூடேறிப் போகும். நான்கோடு நிறுத்த வேண்டும்.

வால்வு ஆம்ப்ளிபயரில் நிலைமை வேறு. ஸ்பீக்கர் இணைக்காமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் எரியக்கூடும். அதன் பின்பக்கத்தில் 4, 8, 16 என்று முனைகள் இருக்கும். மொத்த ஓம் எதுவோ அந்த முனையிலேயே இணைக்க வேண்டும்.

லோடு ஆட்டோவில் வெங்காயம், உப்பு விற்கும் சிறு வியாபாரிகளின் 12 வோல்ட் ஆம்ப்ளிபயருக்கும் இதே கணக்குதான். உள்ளே டிரான்ஸ்பார்மர் இல்லாத ஆம்ப்ளிபயரில் 16 ஓம் குழாய்க்கு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து கிடைப்பது அதிகபட்சம் நாலரை வாட். விளம்பரத்தில் எத்தனை போட்டிருந்தாலும் இதுதான் கணக்கு. தெருவுக்கு அதுவே மிகுதி.

ஒயரில் போகும் காசு

கடை ஒரு பக்கம், கிடங்கு 100 மீட்டர் தள்ளி இன்னொரு பக்கம் என்று வைத்துக்கொள்வோம். 1 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் போகவும் வரவும் 200 மீட்டர். அதன் தடை மட்டும் ஏறத்தாழ 3.5 ஓம். இரண்டு 16 ஓம் குழாய்கள் சேர்ந்து 8 ஓம். அனுப்பும் சக்தியில் 30 சதவீதம் ஒயரிலேயே கரைந்துவிடும்.

இதற்குத்தான் 100 வோல்ட் லைன் முறை. ஆம்ப்ளிபயர் 100 வோல்ட்டில் அனுப்பும். ஒவ்வொரு குழாயிலும் சிறு லைன் டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதே ஒயர், இரண்டு 30 வாட் குழாய்கள் என்றால் நஷ்டம் 2 சதவீதம்தான். ஓம் கணக்கும் வேண்டாம். எல்லாக் குழாய்களின் வாட்டையும் கூட்டி, அதைவிடக் கால் பங்கு கூடுதலான ஆம்ப்ளிபயர் வாங்கினால் போதும். நான்கு 15 வாட் குழாய்கள் 60 வாட். அதற்கு 80 வாட் ஆம்ப்ளிபயர் சரி. டிரான்ஸ்பார்மர் இல்லாத 16 ஓம் யூனிட்டை நேராக 100 வோல்ட் முனையில் இணைத்தால் யூனிட் எரிந்துவிடும். கவனம் தேவை.

பழையதைச் சரி பார்க்கும் முறை

1. கூம்புக்குள் குளவிக் கூடும் பழைய காகிதமும் இருக்கும். முதலில் சுத்தம் செய்யவும். நம் பகுதியில் கடற்காற்றின் உப்பு முனைகளை அரித்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து புது ஒயர் கொடுக்கவும்.

2. மல்டிமீட்டரில் 16 ஓம் யூனிட் 11 முதல் 13 வரை காட்டினால் நல்லது. எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. டயாபிரம் மாற்றினால் சரியாகும். அளவு தெரிந்து சென்னை ரிச்சி தெருவில் கேட்கவும். பழைய யூனிட்டின் காந்தத்தைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் காந்த சக்தி குறையும்.

3. குழாய்க்கு ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலி ஏறாது. மிருதங்கமும் தவிலும் அதில் மெலிந்து கேட்பது இதனால்தான். அந்த ஒலியை வலிந்து கொடுத்தால் டயாபிரம் கிழியும். 16 ஓம் யூனிட்டோடு தொடர்ச்சியாக 33 மைக்ரோ பாரட் நான்-போலார் கண்டென்சர் ஒன்று போட்டால் ஆபத்து நீங்கும். யூனிட்டின் ஆயுளை நீட்டும் மிகச் சிறிய செலவு இதுவே.

4. பாட்டுக்குக் கனம் வேண்டுமானால் பெட்டி ஒலிபெருக்கி ஒன்றைச் சேர்க்கவும். 100 வோல்ட் லைனில் பெட்டிக்கு 20 வாட் முனை என்றால் குழாய்க்கு 1 வாட் முனை போதும். மேலே சொன்ன 13 டெசிபல் கணக்கு இங்கே ஈடாகிறது.

5. பல ஆண்டு கிடந்த வால்வு செட்டை நேராக பிளக்கில் சொருக வேண்டாம். உள்ளே உள்ள பில்டர் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும். ஒரு குண்டு பல்பைத் தொடர்ச்சியாக இணைத்து மெக்கானிக் சோதிக்கட்டும். நிறுத்திய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

6. மூன்று முனை பிளக்கும் எர்த்தும் கட்டாயம். எர்த் இல்லாத ஆம்ப்ளிபயரில் ஒயர் உராய்ந்து பாடிக்கு மின்சாரம் வந்தால், அது மைக்கின் உலோகப் பாகத்துக்கும் வந்துவிடும். மைக் பிடித்தவர் உயிர் போகும்.

முடிவாக

கிடங்குக்குள் ஆளை அழைக்கவும், நாலு சுவருக்குள் மாலையில் ஒரு பாட்டுக் கேட்கவும் பழைய குழாய் தாராளமாக உதவும். அதற்கு வேண்டியது டயாபிரம், கண்டென்சர், 20 அல்லது 30 வாட் தரும் சிறிய ஆம்ப்ளிபயர் மட்டுமே. சத்தம் அடுத்த மனைக்குப் போகாமல் வைத்துக்கொண்டால் புகாரும் வராது. தெருவிலும் திருவிழாவிலும் வாடகை வியாபாரம் நடத்த நினைப்பவர்கள் அந்தப் பணத்தைப் பெட்டி ஒலிபெருக்கியில் போடுவதே நல்லது. உள்ளூர் காவல் நிலையத்தில் நிபந்தனைகளை எழுத்தில் பெற்ற பிறகு முன்பணம் வாங்கவும். வால்வு ஆம்ப்ளிபயரை மட்டும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். சேகரிப்பவர்கள் விலை கொடுத்துத் தேடும் பொருள் அது. விற்பதானாலும் இரண்டு பேரிடம் விலை கேட்டு விற்கவும்.