தும்மினாலும் பயம், சிரித்தாலும் பயம்

தும்மல் வரும்போது சட்டென்று காலைப் பின்னிக்கொள்வது, பஸ் பயணம் என்றால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பது: சிறுநீர்க் கசிவு உள்ள பெண்களுக்கு எந்த ஊரிலும் இதுதான் கைவைத்தியம். ரந்தாவ், லிங்கி, பகாவ் என்று நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் உழைத்து ஓய்ந்த பெண்களுக்கு இந்தத் தொல்லை வர இன்னும் சில காரணங்கள் சேர்ந்துகொள்கின்றன.

சிறுநீர்ப்பை என்பது தசையாலான பை. 150, 200 மில்லி சேர்ந்ததும் லேசாக உணர்த்தும். 400, 500 மில்லி வரை தாங்கும். நிரம்பும்போது பையின் தசை தளர்ந்தும், வாயிலைச் சுற்றியுள்ள சுருக்குத்தசை இறுகியும் இருக்க வேண்டும். கழிக்கும்போது இரண்டும் தலைகீழ். எப்போது திறப்பது என்று முடிவெடுப்பது மூளை.

பையைக் கீழிருந்து தாங்குவது இடுப்புத்தளத் தசை. பிரசவத்தில் அது இழுபடும். அதன் நரம்பும் நசுங்கலாம். நாலைந்து பிள்ளை பெற்றவர் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இரு பக்கமும் ரப்பர் பால் வாளி தொங்க, நிரை நிரையாக மேடு இறங்கி வந்திருக்கிறார். செம்பனை வந்த பிறகு உதிரிப் பழ மூட்டை. தூக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றின் அழுத்தம் அந்தத் தளர்ந்த தசைமேல்தான் இறங்குகிறது. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து திசுக்களும் மெலியும். பிறகு ஒரு தும்மல் போதும். சுமை மட்டும்தான் காரணம் என்பதில்லை. உடல் பருமனும் தீராத இருமலும் இதையே செய்யும்.

அவசரக் கசிவு வேறு வகை. பை நிரம்பும் முன்பே அதன் தசை தானாகச் சுருங்கிவிடும். கழிப்பறை வாசல்வரை போவதற்குள் நனைந்துவிடும். வேலைக்காட்டில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி, பையை இன்னும் உறுத்தும். மலச்சிக்கலும் சேரும்.

மூன்றாவது வகை, பை நிரம்பி வழிவது. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. இனிப்பு நீர் அதற்கு ஒரு காரணம். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். சர்க்கரை ஏறினால் சிறுநீரின் அளவும் கூடும். ஆண்டுக்கணக்கில் நரம்பு கெட்டால் பை நிரம்பியதே தெரியாமல் வழிந்து சொட்டும். ஆண்களுக்கு வீங்கிய புராஸ்டேட்டும் இதே வேலையைச் செய்யும்.

அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948இல் சொன்ன பயிற்சிதான் தும்மல் கசிவுக்கு இன்றும் முதல் சிகிச்சை. காற்றை அடக்குவதுபோல அடித்தசையை உள்ளிழுத்துச் சில விநாடி பிடித்து விடவேண்டும். ஒரு தடவைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று தடவை, மூன்று மாதம். மூச்சைப் பிடிக்கக்கூடாது, சிறுநீர் கழிக்கும்போது செய்யவும் கூடாது. காசு செலவில்லை. ஆனால் இரண்டே வாரத்தில் விட்டுவிட்டு, பலனில்லை என்று சொல்பவர்களும் உண்டு.

இனிப்பு நீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அரசாங்க கிளினிக் போகிறவர்கள் இதையும் மிஸ்ஸியிடம் சொல்லலாம், மருந்துப் பையையும் கையோடு கொண்டுபோய். நீர் பிரிக்கும் மாத்திரையும் சில அழுத்த மாத்திரைகளும் கசிவைக் கூட்டக்கூடியவை. அவற்றைத் தானாக நிறுத்துவது ஆபத்து. மாற்றித் தரவோ, சாப்பிடும் நேரத்தை மாற்றவோ டாக்டரால் முடியும். சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, கால் மரத்துத் திடீரெனக் கசியத் தொடங்கினாலோ அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்கக்கூடாது.