ரூட்டருக்கு எந்தப் போஸ்ட் புராசஸர்?

கொல்கத்தாவின் துர்கா பூஜைப் பந்தலுக்கு ஒட்டுப்பலகையில் சிஎன்சி ரூட்டரால் பூவேலை வெட்டுவதாக வைத்துக்கொள்வோம். திரையில் அழகாகத் தெரிந்த சிறு வளைவு, பலகையில் ஏன் பெருவட்டமாகப் பாய்கிறது? வரைபடத்தில் குற்றமில்லை, வெட்டுப்பாதையை ஜி-கோடு என்னும் இயந்திரக் கட்டளைகளாக்கும் போஸ்ட் புராசஸர், ரூட்டரை இயக்கும் கன்ட்ரோலர் அறியாத வழக்கில் எழுதியிருக்கிறது. வட்டத்தின் மையத்தைக் குறிக்கும் ஐ, ஜே எண்களை ஒரு கன்ட்ரோலர் வளைவின் தொடக்கப் புள்ளியிலிருந்து அளக்கும். இன்னொன்று வேலையின் பூஜ்யத்திலிருந்து அளக்கும். 1980லேயே ஜி-கோடுக்கு ஆர்எஸ்-274டி தரம் வந்துவிட்டதே என்று கேட்கலாம். வந்தது, ஆனாலும் தயாரிப்பாளர்கள் தத்தம் விரிவுகளைச் சேர்த்தார்கள். உதாரணமாக, கருவி மாற்றும் எம்6 கட்டளையை மாக்3 என்னும் கன்ட்ரோலர் ஏற்கும், ஜிஆர்பிஎல் 1.1 பிழை காட்டும். ஆகவே இயந்திரத்தின் பெயரையல்ல, கன்ட்ரோலரைப் பார்த்தே போஸ்ட் புராசஸரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்து அலகு: ஜி21 மில்லிமீட்டர், ஜி20 அங்குலம், மாறினால் அளவு 25.4 மடங்கு பிசகும். முதல் ஓட்டத்தைப் பலகைக்கு மேலே வெறும் காற்றில் ஓட்டினால் இந்தப் பிழைகள் பெரும்பாலும் கண்ணில் பட்டுவிடும்.