நெஞ்சுக்கு வலு சேர்ப்போம்: சுவரும் தரையும் போதும்



போன வருஷத் தீபாவளிக்கு என் மாமாவைப் பார்க்க பங்சாருக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு வயது 66. கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் பால் வெட்டியவர். இரண்டு வாளிப் பாலைக் காண்டாவில் மாட்டி, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்தே ஸ்டோருக்குக் கொண்டு சேர்த்தவர். தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டதும், மகனோடு பங்சாரில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்.

நான் போனதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு காலையில் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை. பேரன் பள்ளிவிட்டு வரும்வரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். சுளுக்குகூட இல்லை. ஆனால் எழ முடியவில்லை.

"எலும்பு ஒண்ணும் உடையல மாப்ளே. கையை ஊனித் தள்ளி எந்திரிக்கத்தான் தெம்பு இல்ல. காண்டா தூக்குன கை இது. அதை நெனச்சாத்தான் மனசு உடைஞ்சு போச்சு" என்றார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக வேலை செய்கிறேன். விழுந்து கை கால் உடைந்தவர்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். உடையாமலே எழ முடியாமல் போவதைப் பற்றி அன்றுதான் சரியாக யோசித்தேன். அதனால் இந்த மாதம் மார்புக்கும் கைகளுக்கும் வலு சேர்க்கும் தேகப்பயிற்சி பற்றி எழுதுகிறேன். இதற்குக் காசு செலவில்லை.

உழைப்பவனுக்குப் பயிற்சி எதற்கு?

"டிரஸர் ஐயா, நாள் பூரா குலை வெட்டுறேன். எனக்கு எதுக்கு எக்ஸர்சைஸ்?" என்று தோழர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பதில் இதுதான்: வேலை எந்தத் தசையைக் கேட்கிறதோ, அந்தத் தசைதான் வளரும்.

நம் வேலைகளில் குனிவது, தூக்குவது, இழுப்பது ஆகியவையே அதிகம். செம்பனைக் குலை வெட்டுபவர் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளைக் கீழ்நோக்கி இழுக்கிறார். பால் மரம் வெட்டுபவர் மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்கிறார். மருந்தடிக்கும் தாய்மார்கள் மருந்து பம்பை முதுகில் சுமக்கிறார்கள். மார்புத் தசையின் வேலை வேறு. கையை முன்னால் கொண்டுவருவதும், எதிரே இருப்பதைத் தள்ளுவதும், தரையில் கையூன்றி உடம்பை மேலே உயர்த்துவதும் அதன் வேலை. அந்த வேலையை நாம் அன்றாடம் போதிய அளவு கொடுப்பதில்லை.

இதோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. முப்பது வயதுக்குப் பிறகு, கவனிக்காமல் விட்டால், பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் இன்னும் வேகமாகக் கரையும். மாமாவுக்கு நடந்தது இதுதான்.

கருவி இல்லாமல் உலகப் பட்டம்

பங்சார் என்ற பெயரே ஒரு ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தது. புஞ்சே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பியர்களின் பெயர்கள் சேர்ந்து பங்சார் ஆனது என்று சொல்வார்கள். பால் மரம் நின்ற அந்த மண்ணில் இன்று கண்ணாடிச் சுவர் வைத்த உடற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. மாமாவின் மகன் ஒன்றில் விசாரித்திருக்கிறான். மாதக் கட்டணத்தைக் கேட்டதும் பேசாமல் திரும்பி வந்துவிட்டான்.

அவனுக்கு நான் மனோகர் ஐச் கதையைச் சொன்னேன். வங்காளத்தில் பிறந்தவர். உயரம் நாலடி பதினோரு அங்குலம்தான். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் விமானப் படையில் வேலை பார்த்தபோது, ஒரு வெள்ளைக்கார அதிகாரியை அறைந்ததற்காகச் சிறைக்குப் போனார். சிறையில் கருவி ஏது? தரையும் தன் உடம்பும்தான். அதை வைத்தே பல மணி நேரம் தேகப்பயிற்சி செய்தார். 1952-இல் லண்டனில் அவரது உயரப் பிரிவில் உலக ஆணழகன் பட்டத்தை வென்றார். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, 2016-இல் காலமானார்.

நாம் பட்டம் வாங்கப் போவதில்லை. விழுந்தால் எழுந்தால் போதும். அதற்கும் அதே தரை போதுமானது.

நான்கு படிகள்

சிலம்பம் பழகிய பெரியவர்களுக்குத் தண்டால் தெரியும். தெரியாதவர்கள் எடுத்த எடுப்பிலேயே தரைக்குப் போக வேண்டாம். கை எவ்வளவு உயரத்தில் ஊன்றியிருக்கிறதோ, அவ்வளவுக்குப் பாரம் குறையும்.

முதல் படி, சுவர். சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நில்லுங்கள். தோள் உயரத்தில் இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் வையுங்கள். முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவருக்கு அருகில் கொண்டுபோய், மெதுவாகத் தள்ளித் திரும்புங்கள். வயதானவர்களும், ரொம்ப நாள் உடம்பை அசைக்காதவர்களும் இங்கேயே தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி, கட்டில் அல்லது அசையாத மேஜை. விளிம்பில் கையூன்றி அதே மாதிரி செய்யுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் வேண்டாம், வழுக்கிவிடும். 60 கிலோ எடையுள்ளவர் 60 சென்டிமீட்டர் உயரத்தில் கையூன்றினால், கைக்கு வரும் பாரம் சுமார் 25 கிலோ.

மூன்றாம் படி, முழங்கால் தண்டால். தரையில் முழங்காலையும் கைகளையும் ஊன்றிச் செய்வது. அதே ஆளுக்குப் பாரம் சுமார் 30 கிலோ.

நான்காம் படி, முழுத் தண்டால். கால் விரல்களும் உள்ளங்கைகளும் மட்டும் தரையில். பாரம் சுமார் 38 கிலோ. ஒரு சாதாரண செம்பனைக் குலையைவிடக் கூடுதல்!

எந்தப் படியிலும் தலை முதல் குதிகால் வரை உடம்பு பலகை மாதிரி நேராக இருக்கட்டும். இடுப்பு தொங்கக் கூடாது. முழங்கையை இறக்கை மாதிரி விரிக்காமல் உடம்பை ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டால் தோள் வலிக்காது. இறங்கும்போது மூச்சை உள்ளே இழுங்கள், தள்ளும்போது வெளியே விடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு தள்ளினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

ஒரு சுற்றுக்கு 8 முதல் 12 தடவை. ஒரு நிமிஷம் இரண்டு நிமிஷம் இளைப்பாறி இன்னொரு சுற்று. முடிந்தால் மூன்றாவது. ஒரு படியில் 15 தடவை சுலபமாக வந்துவிட்டால் அடுத்த படிக்குப் போகலாம். அவசரம் வேண்டாம்.

பழைய சைக்கிள் டியூப்

கிழிந்த சைக்கிள் டியூபை எறிந்துவிடாதீர்கள். வால்வு இருக்கும் பகுதியை வெட்டிப் போட்டுவிட்டு, மீதியைக் கழுவிக் காயவையுங்கள். முதுகுக்குப் பின்னால், தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே சுற்றிக்கொண்டு, இரண்டு நுனியையும் கையில் பிடித்து முன்னால் தள்ளுங்கள். மெதுவாகத் திரும்ப விடுங்கள். மார்புக்கு நல்ல வேலை.

மார்பு மட்டும் வளர்ந்தால் தோள் முன்னால் கூனிவிடும். அதனால் அதே டியூபை வீட்டுத் தூணில் சுற்றி, இரு நுனிகளையும் வயிற்றை நோக்கி இழுங்கள். தள்ளிய அளவுக்கு இழுக்கவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் டியூபில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இழுக்கும்போது அறுந்தால் கண்ணில் அடிக்கும்.

நம் லயங்களில் அந்தக் காலத்து இளைஞர்கள் மைலோ டின்னில் சிமெண்டு ஊற்றி, நடுவில் கம்பி செருகி எடை தூக்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு கூட வேண்டாம். ஒன்றரை லிட்டர் போத்தல் இரண்டில் தண்ணீர் நிரப்பினால், கைக்கு ஒன்றரைக் கிலோ கிடைத்துவிட்டது. பாயில் மல்லாந்து படுத்து, நெஞ்சுக்கு மேலே உயர்த்தி இறக்குங்கள். பெண்களுக்கும் இது நல்ல தொடக்கம். "ஆம்பள மாதிரி ஆயிடுவோமோ" என்ற பயம் வேண்டாம், தாய்மார்களே. பிள்ளையைத் தூக்கவும் தண்ணீர் வாளி எடுக்கவும் வலு வரும், அவ்வளவுதான்.

எப்போது, எத்தனை நாள்?

வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஆலோசனை. செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஓய்வு நாள் இருக்கட்டும். அந்த ஓய்வில்தான் தசை வளர்கிறது. வேலை முடிந்து வந்த உடனே செய்யாதீர்கள். குளித்து, தண்ணீர் குடித்து, இளைப்பாறிய பிறகு சாயந்திரம் செய்யலாம். பதினைந்து நிமிஷம் போதும்.

ஊசியும் வேண்டாம், மாவும் வேண்டாம்

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே மாதத்தில் நெஞ்சு அகலும் என்று சொல்லி ஊசியும் மாத்திரையும் விற்கிறார்கள். ஒரு பையன் அப்படிப் போட்டுக்கொண்டு, ஊசி குத்திய இடம் சீழ் பிடித்து என்னிடம் வந்தான். சீழை எடுத்துவிடலாம். ஸ்டீராய்டு ஈரலுக்கும் இருதயத்துக்கும் செய்யும் கேட்டை அப்படி எடுத்துவிட முடியாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஆண்மைச் சுரப்பையும் அது அடக்கிவிடும்.

விலை உயர்ந்த புரத மாவும் அவசியமில்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பருப்பு, கடலை, நெத்திலி, தெம்பே, தவ்ஹூ எல்லாமே தசைக்கு நல்ல உணவு. சோற்றைக் கொஞ்சம் குறைத்து இவற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

எந்த வலிக்கு நிற்கக் கூடாது?

பயிற்சி செய்த மறுநாள் மார்புத் தசை வலிக்கும். தொட்டால் வலிக்கும், கையை அசைத்தால் வலிக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். பயப்பட வேண்டாம்.

நெஞ்சின் நடுவே கல்லை வைத்து அழுத்துவது போன்ற வலி வேறு. அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவலாம். குளிர்ந்த வேர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் வரலாம். பெண்களுக்கும் நீரிழிவுக்காரர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சு வாங்கலும் அசதியும் மட்டும் வருவதுண்டு. இது மாரடைப்பாக இருக்கலாம். "வாயுதான்" என்று இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எல்லாரும் விடியலைப் பார்க்கவில்லை. உடனே 999-ஐ அழையுங்கள்.

ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், இருதய நோய் உள்ளவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் தண்டால் அதற்கு மருந்தல்ல, காசநோய்ப் பரிசோதனை செய்யுங்கள். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான்.

அமெரிக்காவில் 1,104 ஆண் தீயணைப்பு வீரர்களைப் பத்து வருஷம் கவனித்து, 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாற்பதுக்கு மேல் தண்டால் எடுக்க முடிந்தவர்களுக்கு, பத்துகூட எடுக்க முடியாதவர்களைவிட இருதய நோய் மிகக் குறைவாக வந்திருந்தது. தண்டால் இருதயத்துக்குக் காப்புத் தாயத்து என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்பைப் பேணுகிறவரைத் தண்டால் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவே. அதனால் புகையை விடுவதும், நடப்பதும், அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்வதும் கூடவே வேண்டும்.

மாமா இப்போது

தீபாவளிக்கு மறுநாள் மாமாவைச் சுவரோரம் நிறுத்தினேன். எட்டுத் தடவையில் கை நடுங்கியது. பேரன் எண்ண, வாரம் மூன்று நாள் விடாமல் செய்தார். பொங்கலுக்குக் கட்டில் விளிம்புக்கு வந்துவிட்டார். கூடவே, விழுந்தால் எழும் முறையையும் பழக்கினேன். நீங்களும் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். முதலில் பதறாமல் மூச்சு விட்டு, அடிபட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு பக்கவாட்டில் புரண்டு, கையூன்றித் தள்ளி, நான்கு காலில் வர வேண்டும். தவழ்ந்து போய் அசையாத கட்டிலையோ முக்காலியையோ பிடித்து, ஒரு காலை முன்னால் ஊன்றி எழ வேண்டும்.

சித்திரைக்குப் போனபோது மாமா என் முன்னாலேயே பாயில் படுத்து, புரண்டு, கையூன்றி எழுந்து காட்டினார். மூச்சு வாங்கியது. ஆனால் யாரும் கை கொடுக்கவில்லை. "இனிமே பேரன் பள்ளிக்கூடம் விட்டு வர்ற வரைக்கும் காத்துக் கிடக்க வேணாம் மாப்ளே" என்றார்.

தோழர்களே, வேலை நேரத்தில் நம் வலுவை எஸ்டேட்டுக்குக் கொடுக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள், பதினைந்து நிமிஷம், நமக்கென்று கொஞ்சம் சேர்த்து வைப்போம். இன்று சாயந்திரமே சுவரோரம் போய் நில்லுங்கள்.