அமெரிக்கக் கட்சிகளில் ‘மேலிடம்’ உண்டா? தேசிய கமிட்டி என்னதான் செய்கிறது?

2024 ஜூலை 21. தேர்தலுக்கு நாலு மாசம்கூட இல்லாத நேரத்தில், போட்டியிலிருந்து விலகுவதாக அறிவித்தார் அதிபர் ஜோ பைடன். நம்மூர் கட்சி என்றால் மேலிடம் கூடி, ராத்திரிக்குள் ஒரு பெயரைச் சொல்லியிருக்கும். அங்கே ஜனநாயகக் கட்சியில் அப்படிச் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை. மாநாட்டுப் பிரதிநிதிகள் ஓட்டுப் போட வேண்டும். ஆகஸ்ட் 5 வரை ஆன்லைனில் நடந்த வாக்கெடுப்பில், 4,500-க்கும் அதிகமானோர் ஆதரவுடன் வேட்பாளரானார் கமலா ஹாரிஸ். தேசிய கமிட்டி செய்தது, வாக்கெடுப்பு நடக்க ஏற்பாடு செய்ததுதான்.

யார் இந்த கமிட்டி?

1848-ல் பால்டிமோர் மாநாட்டில் உருவானது. நாலு வருஷத்துக்கு ஒருமுறை கூடிக் கலையும் மாநாடுகளுக்கு இடையே கட்சியை நடத்த ஓர் அமைப்பு வேண்டுமே! இன்று அதில் 400-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். மாநிலக் கட்சித் தலைவர்கள், மாநிலங்கள் தேர்ந்தெடுப்பவர்கள், கமிட்டித் தலைவர் பரிந்துரைக்கும் சிலர்.

குடியரசுக் கட்சியின் கமிட்டியில் 168 பேர்தான். மாநிலத்துக்கு 3 பேர். கிட்டத்தட்ட 4 கோடி பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் 3, சுமார் 6 லட்சம் பேர் உள்ள வயோமிங்குக்கும் 3!

பவர் எங்கே இருக்கிறது?

நிதி திரட்டுவது, வாக்காளர் டேட்டா சேகரிப்பது, மாநாடு நடத்துவது எல்லாம் வழக்கமான வேலைகள். உண்மையான பவர், விதிகளிலும் காலண்டரிலும் இருக்கிறது. எந்த மாநிலம் முதலில் ஓட்டுப் போடுகிறதோ, அங்கே ஜெயிப்பவர் பக்கம்தான் பணமும் கேமராவும் போகும்.

2024-க்கு தெற்கு கரோலினாதான் முதல் என்றது ஜனநாயகக் கட்சி கமிட்டி. ‘எங்க மாநிலச் சட்டப்படி நாங்கதான் ஃபர்ஸ்ட்’ என்று நியூ ஹாம்ப்ஷயர் ஜனவரி 23-லேயே தேர்தலை நடத்திவிட்டது. வாக்குச்சீட்டில் பைடன் பெயரே இல்லை. ஆதரவாளர்கள் அவர் பெயரைக் கையால் எழுதி ஜெயிக்க வைத்தார்கள்! கடைசியில் அந்த மாநிலப் பிரதிநிதிகளையும் மாநாட்டில் சேர்த்துக்கொண்டது கமிட்டி. அதட்டலாம், ஆனால் அடக்க முடியாது.

நடுநிலை தவறினால் அடியும் விழும். பெர்னி சாண்டர்ஸுக்கு எதிராக கமிட்டி ஊழியர்கள் எழுதிய இமெயில்களை 2016 ஜூலையில் விக்கிலீக்ஸ் வெளியிட, மாநாடு தொடங்கும் முன்பே ராஜினாமாவை அறிவித்தார் தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ்.

கமிட்டியே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குமா?

ஒரே ஒரு சூழலில். மாநாடு முடிந்த பிறகு இடம் காலியானால் மட்டும். 1972-ல் அது நடந்தது. துணை அதிபர் வேட்பாளர் தாமஸ் ஈகிள்டன், மன அழுத்தத்துக்காக மின் அதிர்ச்சி சிகிச்சை எடுத்தது வெளியே வர, மூன்றே வாரத்துக்குள் விலகினார். கமிட்டி கூடி, ஆகஸ்ட் 8 அன்று சார்ஜென்ட் ஷ்ரைவரைத் தேர்ந்தெடுத்தது. (அதே வருஷம் ஜூனில் வாட்டர்கேட் கட்டடத்தில் ஆட்கள் புகுந்தது இதே கமிட்டியின் ஆபீஸுக்குள்தான்.)

2024 மாநாடு ஆகஸ்ட் 22-ல் முடிந்தது. பைடன் அதற்குப் பிறகு விலகியிருந்தால், அடுத்த வேட்பாளரை முடிவு செய்யும் வேலை, பெரும்பாலான அமெரிக்கர்களுக்குப் பெயர்கூடத் தெரியாத அந்த 400 சொச்சம் பேரிடம் போயிருக்கும்.