கண்மணி விரியும்போது உள்ளே என்ன நடக்கிறது?



மஃரிப் நேரத்தில் வீட்டிலுள்ள உம்மாவோ பெரியம்மாவோ ஒரு பக்கம் தலை பிளக்கிறது என்கிறார். கண் சிவந்து வலிக்கிறது, வாந்தி வருகிறது, விளக்கைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிகிறது. பித்தம் என்று சுக்குக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைத்து விடுகிறோம். அது கண்ணுக்குள் அழுத்தம் திடீரென ஏறும் கிளாக்கோமாவாக இருந்தால், விடியும் வரை காத்திருப்பதே பார்வையைப் பறித்துவிடலாம்.

இந்த நோய்க்கும் கண்மணிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கண்மணி என்பது ஒரு பொருள் அல்ல. ஐரிஸ் என்ற நிறத்திரையின் நடுவிலுள்ள துவாரம். வெளிச்சத்தில் 2 மில்லிமீட்டர் வரை சுருங்கும், இருளில் 8 மில்லிமீட்டர் வரை விரியும். ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸி இந்தச் சுருக்கத்தைக் கவனித்து எழுதியவர். நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர்கூடத் தெரியாதது தனி வருத்தம்.

மருத்துவர் டார்ச் அடித்துப் பார்ப்பது இந்தச் சுருக்கத்தைத்தான். இரு கண்மணிகளும் ஒன்றுபோல் சுருங்கினால், கண்ணிலிருந்து மூளைக்குப் போய்த் திரும்பும் நரம்புப் பாதை சரியாக இருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் சிறு அளவு வித்தியாசம் ஆரோக்கியமானவர்களிடமும் இருக்கும். ஆனால் கடும் தலைவலியோடு ஒரு கண்மணி மட்டும் திடீரென விரிந்து இமையும் தொங்கினால், மூளை ரத்தக்குழாய் வீங்கியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

டார்ச்சுக்கு ஒரு குறை உண்டு. அதன் வெளிச்சமே கண்மணியைச் சுருக்கிவிடும். ஆபத்தோ, இருளில் அது விரியும்போது வருவது. விரியும்போது ஐரிஸ் ஓரத்துக்கு ஒதுங்குகிறது. கண்ணுக்குள் ஊறும் நீர் வடியும் மூலை அங்கேதான் இருக்கிறது. சிலருக்கு அந்த மூலை பிறவியிலேயே குறுகல். ஒதுங்கிய ஐரிஸ் அதை அடைத்துவிடும்.

ஓ.சி.டி என்ற முப்பரிமாணப் படக்கருவி இங்கே உதவுகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் படம் எடுப்பதால், இருட்டறையிலும் கண்மணி சுருங்காது. கண்ணைத் தொடாமல் சில விநாடிகளில் சுற்றுவட்டம் முழுவதையும் எடுத்து, கண்மணியின் அகலம், ஐரிஸின் தடிமன், மூலையின் இடைவெளி ஆகியவற்றை அளக்கிறது. இதில் தெரியவந்த ஒன்று நம்மை வியக்க வைத்தது: ஐரிஸ் பஞ்சு போன்றது. விரியும்போது நீரை இழந்து கனம் குறைகிறது. மூலை அடைபடும் கண்களில் இந்தக் குறைவு போதவில்லை. முன்னிருந்து பார்க்கும் டார்ச்சுக்கு இது எப்படித் தெரியும்?

எல்லோருக்கும் இந்தச் சோதனை தேவையில்லை. கண்ணில் லென்ஸ் வைத்து மூலையை நேரடியாகப் பார்க்கும் பழைய சோதனையை இது நீக்கிவிடவும் இல்லை. வயதானவர்கள், அதிலும் பெண்கள், பிளஸ் பவர் கண்ணாடி அணிபவர்கள், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள் கேட்டுப் பார்க்கலாம். மூலை குறுகல் என்று தெரிந்தால், தேவைப்படுபவருக்கு லேசர் மூலம் ஐரிஸில் சிறு துளையிட்டு நீருக்கு வழி செய்வார்கள்.

நோன்பில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடலாமா என்று பலர் தயங்கிச் சிகிச்சையைத் தள்ளிப் போடுகிறார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் இதனால் நோன்பு முறியாது. ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியும் 1997இல் இவ்வாறே முடிவு செய்தது. கண்மணியை விரிக்கும் சொட்டு விட்ட பிறகு சில மணி நேரம் பார்வை மங்கும். அன்று பைக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.