தூங்கினாலே போர்க்களம்... முன்னாள் ராணுவ வீரர்களின் கெட்ட கனவுக்கு பி.பி மாத்திரை கைகொடுக்குமா?

போர் முடிந்து வீடு திரும்பிய வீரர்களில் சிலருக்கு இரவு வந்தாலே பயம். கண்ணை மூடினால் குண்டுச் சத்தம், கண்ணெதிரே செத்துப்போன நண்பனின் முகம்... உடம்பெல்லாம் வியர்த்து, அலறி எழுவார்கள். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியின் தூக்கமும் போய்விடும். பி.டி.எஸ்.டி என்கிற மனநலப் பிரச்னையின் முக்கிய அறிகுறி இது.

'தூக்க மாத்திரை போட்டால் சரியாகிவிடாதா?' என்று தோன்றலாம். ஆனால் அல்பிரசோலம், லோராசெபாம் வகை மாத்திரைகளை பி.டி.எஸ்.டி-க்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது, அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் சிகிச்சை வழிகாட்டி. பலனைவிட, அந்த மாத்திரைக்கு அடிமையாகும் ஆபத்து அதிகம்.

சியாட்டிலில் கிடைத்த துப்பு

இந்த இடத்தில்தான் 'பிரசோசின்' வருகிறது. இது பழைய ரத்த அழுத்த மாத்திரை. சியாட்டில் நகரின் மனநல மருத்துவர் முர்ரே ராஸ்கிண்ட், இதை வியட்நாம் போரில் பங்கேற்ற வீரர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கெட்ட கனவுகள் குறைந்தன.

எப்படி? ஆபத்து நேரத்தில் உடலை உசுப்பிவிடுவது நார் அட்ரினலின். பி.டி.எஸ்.டி உள்ளவர்களுக்குத் தூக்கத்திலும் அது அடங்குவதில்லை. பிரசோசின் மூளைக்குள் சென்று அதன் வேகத்தைத் தடுக்கிறது. மகாராஷ்டிராவின் டாக்டர் பவாஸ்கர் தேள்கடிக்கு இதே மருந்தைக் கொடுத்துப் பல உயிர்களைக் காப்பாற்றியதும் இந்த அடிப்படையில்தான். தேள் விஷமும் உடலில் அதே சுரப்பைத்தான் தாறுமாறாக ஏற்றிவிடும்.

நம்பிக்கையும் ஏமாற்றமும்

ஈராக், ஆப்கானிஸ்தானில் பணியாற்றிய 67 வீரர்களிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. மருந்து நன்றாகவே வேலை செய்திருந்தது. ஆனால், 304 முன்னாள் வீரர்களிடம் 26 வாரங்கள் நடத்தி 2018-ல் வெளியான பெரிய ஆய்வில், மருந்தில்லாத போலி மாத்திரையைவிட இது கூடுதல் பலன் தரவில்லை. கடுமையாக அவதிப்பட்டவர்கள் அந்த ஆய்வில் அதிகம் சேராதது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 2023-ல் வந்த அமெரிக்க வழிகாட்டி, கெட்ட கனவுகளுக்கு மட்டும் இதைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

கவனம் தேவை

இது ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. முதல் டோஸிலேயே தலைசுற்றி விழ வாய்ப்புண்டு. அதனால்தான் டாக்டர்கள் குறைந்த அளவில் தொடங்கி, மெதுவாகக் கூட்டுவார்கள். நீங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது.

மாத்திரை, மனக்காயத்தை ஆற்றிவிடாது. காயத்தைப் பேசித் தீர்க்கும் உளவியல் சிகிச்சைதான் பிரதானம். ஆனால், தூக்கமே இல்லாதவரால் அந்தச் சிகிச்சையில் எப்படி உட்கார முடியும்? சிலருக்காவது நிம்மதியான நாலு மணி நேரத் தூக்கம் கிடைத்தால், குணமாவதற்கான முதல் படி அதுதான்.