திரையில் ஓடும் பந்தயக் கார்: நல்லதா, கெட்டதா?

பையன் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து கார் ஓட்டிக்கொண்டிருக்கிறான். மோதுகிறான், புரளுகிறான், மறு நொடியே புதுக் கார் வந்து நிற்கிறது. "இதனால் என்னடா பிரயோசனம்?" என்று கேட்காத தாய்மார் உண்டா?

கேள்வி நியாயமானதுதான். அமெரிக்காவில் ஒரு வாலிபர் இதற்குப் பந்தயத் திடலிலேயே பதில் சொன்னார். அந்தச் சம்பவத்தைத் தெரிந்துகொண்டால், இத்தகைய விளையாட்டு ஒன்றை எப்படி எடைபோடுவது என்பதும் விளங்கும்.

கடையில் விற்கும் சாதாரணக் காரைப் போலத் தோற்றமளிக்கும் வண்டிகளை ஓட்டுவதே 'ஸ்டாக் கார்' பந்தயம். ஆரம்பத்தில் வீதியில் ஓடிய கார்களே இதில் ஓடின. இன்று தோற்றம் மட்டுமே அப்படி. உள்ளே இருப்பது முழுக்க முழுக்கப் பந்தய இயந்திரம். 1948-இல் பில் பிரான்ஸ் என்பவர் முன்னின்று அமைத்த 'நாஸ்கார்' சங்கமே இப்பந்தயங்களை நடத்துகிறது.

2004-ஆம் ஆண்டு 'இ.ஏ. ஸ்போர்ட்ஸ்' நிறுவனம் 'நாஸ்கார் 2005' என்ற வீடியோ விளையாட்டை வெளியிட்டது. நல்ல அம்சங்கள் அதில் உண்டு. எடுத்த எடுப்பில் பெரிய பந்தயம் கிடைத்துவிடாது. சின்னப் பந்தயங்களில் வென்று படிப்படியாக ஏற வேண்டும். வேண்டுமென்று ஒருவரை இடித்தால் அவர் பகையை மறக்கமாட்டார். உழைப்புக்குப் பலன், செய்கைக்கு விளைவு! இதுவரை சரிதான். ஆனால் ஒரு குறையும் இருந்தது. வளைவில் பிரேக் போடாமல், சுவரோடு சுவராக உரசிக்கொண்டே முழு வேகத்தில் போய் மற்றவர்களை முந்திவிடலாம்.

சிறுவயதில் இதை விளையாடி மகிழ்ந்தவர்களுள் ஒருவர் ராஸ் சாஸ்டெயின். புளோரிடாவில் தலைமுறை தலைமுறையாகத் தர்ப்பூசணி பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை. பின்னாளில் நாஸ்கார் ஓட்டுநரானார்.

2022 அக்டோபர் 30. வர்ஜீனியா மாநிலத்து மார்ட்டின்ஸ்வில் திடல். கடைசிச் சுற்றில் அவர் பத்தாம் இடத்தில் இருந்தார். இன்னும் சிலரை முந்தினால்தான் இறுதிப் பந்தயத்தில் பட்டத்துக்குப் போட்டியிட முடியும். அந்த நொடியில் பழைய விளையாட்டு நினைவுக்கு வந்தது. ஐந்தாம் கியருக்கு மாற்றினார், காரைச் சுவரில் சாத்தினார், ஸ்டியரிங் பிடியையும் தளர்த்திவிட்டார். சுவரிலுள்ள வாசல் கதவில் கார் சிக்கிவிடக் கூடாதே என்பதுதான் அவர் கவலை. தீப்பொறி பறக்க ஐந்து கார்களை முந்தினார்! அந்தச் சுற்றுக்கு ஆன நேரம் 18.845 விநாடி. அத்திடலில் எந்த ஸ்டாக் காரும் அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை.

உலகமே வியந்தது. ஆனால் சக ஓட்டுநர்கள் சிலர் முகம் சுளித்தனர். சங்கம் அன்று அவரைத் தண்டிக்கவில்லை. எனினும் 2023 ஜனவரியில், இனி இப்படிச் செய்தால் பாதுகாப்பு விதியின்படி தண்டனை உண்டு என்று அறிவித்தது.

ஏன்? சுவரின் விலை அவர்களுக்குத் தெரியும். 2001 பிப்ரவரி 18-இல் டேட்டோனா திடலில், பந்தயத்தின் கடைசிச் சுற்றில், புகழ்பெற்ற டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி உயிரிழந்தார். அதன் பிறகே தலையையும் கழுத்தையும் காக்கும் சாதனம் கட்டாயமாயிற்று. மோதலின் வேகத்தைத் தாங்கும் தடுப்புச் சுவர்களும் பல திடல்களில் எழும்பின.

வில்லியம் பைரன் என்னும் இளைஞரின் கதை வேறு. வீட்டுக் கணினியில் 'ஐரேசிங்' என்ற பயிற்சி விளையாட்டில் பழகி, பிறகே அசல் காருக்கு வந்தவர். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளும் டேட்டோனா 500 பந்தயத்தில் வெற்றி அவருக்கே! அந்த விளையாட்டில் மோதினால் கார் கெடும். ஓட்டுநரின் பாதுகாப்பு மதிப்பெண்ணும் குறையும். ஆகவே அதில் பழகுகிறவன் முதலில் கற்பது நிதானத்தைத்தான்.

ஆகவே, ஒரு பந்தய விளையாட்டை எடைபோடும்போது படத்தின் அழகையும் இயந்திரத்தின் உறுமலையும் மட்டும் பார்க்காதீர்கள். தவறு செய்தவனுக்கு அது என்ன கணக்குக் காட்டுகிறது என்று பாருங்கள். இந்தச் சோதனையில் 'நாஸ்கார் 2005' பாதி மதிப்பெண்தான் பெறும். பொழுதுபோக்குக்கு நல்லது, ஓட்டக் கற்பதற்கு உதவாது.

பிள்ளைகளிடமிருந்து விளையாட்டுக் கருவியைப் பிடுங்க வேண்டாம். ஒரு மாலை அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள். கார் சுவரில் மோதும்போது சாஸ்டெயின் கதையைச் சொல்லுங்கள். எர்ன்ஹார்ட் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள். நாளை அவன் மோட்டார் சைக்கிளில் ஏறிச் சாலைக்குப் போகும்போது, இரண்டாவது கதைதான் அவனைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்க்கும்.